மலை உச்சியில் விற்கும் ஆற்றங்கரைப் பட்டை

ஏற்காடு ஏரியைச் சுற்றியிருக்கும் கடைகளில் காப்பித்தூள், மிளகு, தைல பாட்டில்களுக்கு நடுவே மருதம்பட்டைப் பொடியும் கிடைக்கும். "மலை மூலிகைங்க, இதய அடைப்பைக் கரைக்கும்" என்று சொல்லித்தான் விற்பார்கள். இந்த ஒரு வரியில் இரண்டு கூற்றுகள் இருக்கு. ரெண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

மலை மூலிகையா?

மருதம் குறிஞ்சி நிலத்து மரம் இல்லை. வயல் சார்ந்த நிலத்துக்கே தன் பெயரைக் கொடுத்த மரம் அது. ஆற்றோரம், ஓடையோரம், ஏரிக்கரை என்று ஈரம் இருக்கிற இடத்தில் நிற்கும். காவிரிப் படுகையில் திருவிடைமருதூர், தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர் என்று ஊர்ப் பெயர்களிலேயே இதைப் பார்க்கலாம். ஏற்காடோ சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் காப்பித்தோட்ட ஊர். சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறும் சரபங்காவும் கீழே இறங்கிச் சமவெளியில் ஓடுகிற கரைகள்தான் மருதுக்கு இயல்பான இடம்.

அதனால் என்ன, பட்டை பட்டைதானே என்று கேட்கலாம். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்குது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத பொடி, எந்த மரத்துடையது என்றும் தெரியாது. மருது இனத்திலேயே கருமருது என்று இன்னொன்று உண்டு. அதன் பட்டை கறுத்து, முதலை முதுகு மாதிரி வெடித்திருக்கும். நாம் பேசுகிற நீர்மருதின் பட்டை வழவழப்பாக, சாம்பல் வெண்மையாக இருக்கும், உள்பக்கம் இளஞ்சிவப்பு. வடமொழியில் 'அர்ஜுன' என்றாலே வெண்மை. அதாவது அசலை அடையாளம் காணும் வழி பெயரிலேயே இருக்கு. ஆனால் பொடியாக்கிவிட்டால் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. வாங்குவதானால் பட்டையாகவே வாங்குவது நல்லது.

அடைப்பைக் கரைக்குமா?

ஆயுர்வேத மரபில் இதற்கு உண்மையிலேயே ஒரு வரலாறு இருக்கு. சரக சம்ஹிதை அர்ஜுனத்தைத் தோல் தடிப்பைத் தணிக்கும் மருந்துகளின் பட்டியலில் வைக்கிறது. இதயநோய்க்கு இதைச் சொன்னவர் பின்னால் வந்த வாக்படர். 11-ஆம் நூற்றாண்டின் சக்ரதத்தர் பாலிலும் நெய்யிலும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறார். மரபு ஒரே நாளில் வானத்திலிருந்து விழவில்லை, பார்த்துப் பார்த்து மாறியிருக்கு என்பதற்கு இதுவே சான்று.

நவீன ஆய்வுகளில் மூன்றை மட்டும் எடுத்துக்கிறேன். 1995-ல் இந்தூர் மருத்துவர்கள், வழக்கமான மருந்துக்கும் கட்டுப்படாத இதயச் செயலிழப்பு நோயாளிகள் 12 பேருக்கு, அந்த மருந்துகளோடு சேர்த்து 500 மி.கி. பட்டைச் சாறு தினம் மூன்று வேளை கொடுத்தார்கள். முன்னேற்றம் தெரிந்தது. 2001-ல் ஜெய்ப்பூரில் 105 இதயநோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். 30 நாள் பட்டைப்பொடி சாப்பிட்ட குழுவில் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். சுமார் 16 சதவீதம் குறைந்தது. 2016-ல் வெளியான டெல்லி எய்ம்ஸ் ஆய்வு இன்னும் கறாரானது: 100 நோயாளிகள், 12 வாரம், 750 மி.கி. நீர்ச்சாறு தினம் இரண்டு வேளை. இதயம் இரத்தத்தை வெளியே தள்ளும் திறன், அதாவது எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன், கூடவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது மூணு விஷயம்.

முதலாவது, நம்பிக்கை தந்த முடிவு 12 பேரிடம் வந்தது. 100 பேரிடம் போனபோது முக்கியமான அளவீடு அசையவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றுவது முதல் முடிவு மட்டும்தான்.

இரண்டாவது, இந்த மூன்றில் ஒன்றுகூட "அடைப்பு கரைந்ததா?" என்று ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்த ஆய்வு இல்லை. கொழுப்பு குறைவது வேறு, குழாயில் படிந்து இறுகியது கரைவது வேறு.

மூன்றாவது, சித்தாந்தம் ஒண்ணு, சரக்கு வேற. ஒரு பங்கு மருந்து, எட்டுப் பங்கு பால், 32 பங்கு தண்ணீர் சேர்த்து, பால் மட்டும் மிஞ்சும்வரை காய்ச்சுவது ஆயுர்வேதத்தின் பால் கஷாய முறை. மேலே சொன்ன ஆய்வுகளில் சோதித்தது சாறும் பொடியும். கடையில் விற்பதோ சீரகம், சோம்பு கலந்து டீ மாதிரி குடிக்கச் சொல்லும் தூள். பெயர் ஒன்று, பொருள் வேறு வேறு. ஒன்றுக்குக் கிடைத்த சான்றை இன்னொன்றின் லேபிளில் ஒட்டக்கூடாது.

தோற்ற கேஸ்கள் எங்கே?

1785-ல் இங்கிலாந்தின் வில்லியம் விதரிங், ஃபாக்ஸ்கிளவ் என்ற நாட்டுச் செடியைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அதுவும் பாட்டி வைத்தியத்திலிருந்து வந்ததுதான். குணமானவர்களோடு குணமாகாதவர்களையும், விஷம் ஏறி அவதிப்பட்டவர்களையும் எழுதினார். அந்த நேர்மையால்தான் அளவு பிடிபட்டது, டிஜாக்சின் என்ற மாத்திரை வரை வந்தது. நம்ம ஊர் மருதம்பட்டைப் பேச்சில் குறைவது இதுதான். குடித்துப் பிழைத்தவர் பேசுகிறார். குடித்தும் பிழைக்காதவர் பேச வரமாட்டார்.

சட்டமும் சும்மா இல்லை. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருத்துவங்கள் விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் இதயநோய் இருக்கு. அதைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யவே கூடாது.

மருதம்பட்டையை நான் போலி என்று சொல்லவில்லை. ஆய்வுக்குரிய நல்ல சரக்கு. என் சண்டை "கரைக்கும்" என்ற ஒரு சொல்லோடுதான். ஸ்டென்ட் வைத்த ஒருவர் அந்தச் சொல்லை நம்பி இரத்தக்கட்டுத் தடுப்பு மாத்திரையை நிறுத்தினால், ஸ்டென்ட்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். அந்த ஆபத்து பாக்கெட்டில் அச்சாவதில்லை. பட்டையும் மாத்திரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதும் சாதாரணக் கேள்வி இல்லை. ஆய்வுக்கூடச் சோதனைகளில், மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகள் சிலவற்றை இந்தப் பட்டை மட்டுப்படுத்தியிருக்கு.

ஆகவே குடிக்க விரும்புகிறவர் இதய மருத்துவரிடம் சொல்லிவிட்டு, மாத்திரையை விடாமல், பட்டம் பெற்ற ஆயுர்வேத அல்லது சித்த மருத்துவர் சொல்லும் அளவில் குடிக்கட்டும். நெஞ்சுவலி வந்த நிமிடத்தில் அடுப்பில் பால் வைக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.