தடுத்தவருக்கு ஒரு பொன்னாடை

உளவளத்துணையாளர் ஓய்வு பெற்றால் நன்றி சொல்லப் பலர் வருவார்கள். அவருக்கு ஒழுக்கநெறி ஆலோசனை சொன்னவருக்கு அந்தக் கூட்டம் வராது. நடக்காமல் போன தீங்குக்கு யார் நன்றி சொல்வார்? ஆனால் கிழக்கிலங்கையின் கிண்ணியா போன்ற ஊருக்கு அந்த வேலையின் அருமை புரியும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இங்கே வைத்தியசாலையையே அழித்தது. இலங்கைக் கரையெங்கும் ஆறுதல் சொல்ல நல்ல மனதோடு பலர் திரண்டார்கள். நடந்ததை உடனே சொல்லவைப்பதே மருந்து என்ற நம்பிக்கை அவர்களில் சிலருக்கு இருந்தது. ஒரே அமர்வில் துயரத்தைக் கிளறுவது மனவடுவைத் தடுப்பதில்லை என ஆய்வுகள் அதற்கு முன்பே காட்டியிருந்தன, ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட அவசரகால வழிகாட்டியும் அந்த முறையை ஏற்கவில்லை. ஆர்வத்தைக் கடிவாளமிட்டு நிறுத்தும் ஒருவர் பக்கத்தில் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அந்த ஒழுக்கநெறியில் இரகசியம் காப்பதும் அடங்கும்; எல்லாரும் சொந்தக்காரராக வாழும் ஊரில் அது வெளிநாட்டு விதி என்பார்கள். ஆனால் சொல்பவரும் கேட்பவரும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் இடத்தில்தான் வாய் தவறினால் ஒரு குடும்பமே தலைகுனியும். இரகசியம் எல்லையற்றதும் அல்ல: இன்னொருவருக்கு ஆபத்தென்றால் அவரைக் காக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என 1976இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் டாரசொஃப் வழக்கில் சொன்னது. அந்த எல்லை எங்கே என்று ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து யோசிப்பவர் விடைபெறும்போது பொன்னாடை போர்த்தலாம், சரி. அவரது நாற்காலிக்கு அடுத்தவரைத் தேடிவிட்டுப் போர்த்துங்கள்.