இப்னு கல்தூனும் வாய் திறவா மாணவரும்

பள்ளி மாணவரின் சிந்தனையாற்றலை வளர்ப்பது பற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகளில் அல்லாமா இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களின் பெயர் தவறாமல் இடம்பெறுகிறது. மனப்பாடக் கல்வியை எதிர்த்தவர், இன்றைய கல்வியாளர்களுக்கு அறுநூறு ஆண்டுகள் முந்தியவர் என்று ஒரு வரியில் புகழ்ந்துவிட்டு, அடுத்த வரியில் மேலைநாட்டு உளவியலுக்குச் சென்றுவிடுகிறோம். ஆனால் 'முகத்திமா'வின் ஆறாம் பிரிவை அரபு மூலத்தில் வரிசையாகப் படிப்போர் அங்கே வேறொருவரையே காண்பர்.

ஹிஜ்ரி 779இல் (கி.பி. 1377), இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு ஸலாமா கோட்டையில் அரசியல் தொல்லைகளை விட்டு ஒதுங்கியிருந்தபோது, அந்நூலின் முதல் வடிவத்தை ஐந்து மாதங்களில் அவர் எழுதி முடித்தார். துனிஸ், ஃபாஸ், கிரனாடா எனப் பல ஊர்களில் வாழ்ந்து பழகியவர் ஆதலின், அவருடைய கண்டனம் ஊரைச் சுட்டியே பேசுகிறது. மத்ரஸாவில் மாணவர் தங்கிப் பயிலும் காலம் மொரோக்கோவில் 16 ஆண்டுகள். துனிஸிலோ 5 ஆண்டுகள். கற்பிக்கும் முறை சீர்கெட்டதால்தான் மொரோக்கோவில் காலம் நீள்கிறது என்பது அவர் முடிவு. அங்குள்ள மாணவர் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பாட அவைகளில் கழிக்கிறார். ஆயினும் வாய் திறப்பதில்லை, விவாதத்தில் கலப்பதில்லை. தேவைக்கு மேல் மனனம் செய்வதிலேயே கருத்தைச் செலுத்துகிறார். படிப்பு முடிந்து, ஒரு பொருள் பற்றி உரையாடவோ வாதிடவோ பிறருக்குக் கற்பிக்கவோ முற்படும்போது குறை வெளிப்பட்டுவிடுகிறது. இத்தனைக்கும் அம்மாணவரின் மனனம் பிற ஊராரைவிட மிகுதி என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். அவர் குறைகூறுவது மனனத்தை அன்று, மௌனத்தை.

அவர் நாடுவது 'மலகா'. இச்சொல்லைப் 'படைப்பாற்றல்' என்று தமிழாக்குவது பொருந்தாது. 1958இல் முகத்திமாவை ஆங்கிலத்தில் தந்த ஃபிரான்ஸ் ரோஸந்தால் பழக்கம் எனப் பொருள்படும் சொல்லையே ஆண்டார். ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதால் உள்ளத்தில் ஊன்றிவிடும் தன்மை அது. கற்பித்தலையும் அவர் கைத்தொழில்களின் வரிசையிலேயே வைக்கிறார். தச்சுப் பட்டறையில் பதினாறு ஆண்டுகள் வேடிக்கை பார்த்தவனுக்கு உளி பிடிக்க வராது. பேசாமல் அமர்ந்திருந்த மாணவனுக்குக் கல்வியும் அப்படியே.

மனனத்தின் எதிரி என்று அவரைச் சொல்வோர், அதே பிரிவில் கவிதைக் கலை பற்றி வரும் பகுதியைப் பார்த்ததில்லை போலும். கவிஞனாக விரும்புபவன் உயர்ந்த கவிதைகளை ஏராளமாக மனனம் செய்தாக வேண்டும் என்று அங்கே அவர் வற்புறுத்துகிறார். அதன்பின் மனனம் செய்தவற்றை மறந்துவிட வேண்டும் என்னும் கருத்தையும் எடுத்துரைக்கிறார். சொற்கள் அழிந்துவிடும், அவற்றின் அமைப்பு மட்டும் தறியைப்போல உள்ளத்தில் நிற்கும், அதில் புதிய நூலைக் கொண்டு புதிய துணி நெய்யலாம். புதிது புனைவது பற்றி நாம் அறிந்த விளக்கங்களுள் இதைவிடத் தெளிவானதை நாம் கண்டதில்லை.

அங்கேயே ஒரு சுவையான செய்தியும் உண்டு. கிரனாடாவின் அமைச்சரும் பெருங்கவிஞருமான லிஸானுத்தீன் இப்னுல் கத்தீபிடம், தமக்குக் கவிதை எளிதில் வருவதில்லை என்று அவர் கூறுகிறார். காரணமும் அவரே சொல்கிறார்: இளமையில் கிராஅத் பற்றிய பாடநூற் செய்யுள்களையும் ஃபிக்ஹு, உஸூல், மன்திக் சுருக்கநூல்களையும் மனனம் செய்து உள்ளத்தை நிரப்பிக்கொண்டது. இப்னுல் கத்தீப் வியந்துபோகிறார். ஆக, எதை மனனம் செய்தோம் என்பதும், அதன்பின் அதைக்கொண்டு என்ன செய்தோம் என்பதுமே அவருக்குக் கேள்வி.

சுருக்கநூல்களைப் பற்றி அவர் தனியொரு பகுதியே எழுதியிருக்கிறார். மிகக் குறைந்த சொற்களில் மிகுந்த பொருளைத் திணிக்கும் 'முக்தஸர்'கள், எளிமையின் பெயரால் மாணவனைச் சொற்களின் முடிச்சில் சிக்கவைக்கின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. இப்னுல் ஹாஜிப், இப்னு மாலிக் ஆகியோரின் பெயர்களும் அங்கே வருகின்றன. நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் அல்ஃபிய்யாவின் ஆசிரியர் அப்பட்டியலில் இருப்பது, அதைக் கற்பிப்போருக்குச் சற்று நெருடலே! ஆயினும் அந்த முக்தஸர்களுக்கு ஷரஹ் எழுந்தது, ஷரஹுக்கு ஹாஷியா எழுந்தது. ஆசிரியர் விளக்கியே தீரவேண்டிய தேவை இருந்தது. இன்றைய பள்ளி மாணவன் கையிலுள்ள 'கைடு' அதையும் வேண்டாமல் செய்துவிட்டது.

மனப்பாடத்திலிருந்து கல்வியை விடுவிக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டம் கூறியது. தமிழகம் 2017இல் தரவரிசை அறிவிப்பைக் கைவிட்டது. 2018 முதல் புதிய பாடநூல்கள் வந்தன. நல்ல மாற்றங்களே. எனினும் நம் பள்ளிகளில் மீலாது விழாப் பேச்சுப் போட்டியைச் சற்று உற்று நோக்குவோம். உரையை எழுதுபவர் ஆசிரியர், அல்லது தந்தை. ஏழாம் வகுப்புச் சிறுமி அதை ஏற்ற இறக்கத்துடன் ஒப்பிக்கிறாள். அவை கைதட்டுகிறது. அவள் மேற்கோள் காட்டிய நபிமொழியின் பொருளை மேடையை விட்டு இறங்கியதும் வினவினால், ஃபாஸ் நகரத்து மாணவரின் மௌனமே விடையாகக் கிடைக்கும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்பிட்டு எழுதப்படும் கட்டுரைகளின் கதையும் வேறன்று. ஒரே ஒரு உரையை எழுத்துப் பிசகாமல் வைத்திருக்கும் உள்ளத்தில் தறி எப்படி அமையும்?

பெற்றோரின் அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. இதை இப்னு கல்தூனே அறிந்திருந்தார். முதலில் மொழியும் கவிதையும், பிறகு கணக்கு, அதன்பின்னரே திருக்குர்ஆன் என்று குழந்தைக் கல்வியை வரிசைப்படுத்தினார் அந்தலூஸின் காழீ அபூபக்ர் இப்னுல் அரபி. பொருள் விளங்காத பருவத்தில் ஓதவைப்பதை அவர் ஏற்கவில்லை. நல்ல முறையே என்று இப்னு கல்தூன் பாராட்டுகிறார். ஆயினும் வழக்கம் இடந்தராது என்கிறார். பரக்கத்தை நாடும் பெற்றோர், பிள்ளை வளர்ந்து கைமீறிப் போய்விட்டால் குர்ஆனே கிட்டாமற் போகுமோ என அஞ்சுகின்றனர். பிள்ளை தொடர்ந்து படிப்பான் என்ற உறுதி மட்டும் இருந்தால் காழீயின் முறையே சிறந்தது என்பது அவர் கணிப்பு. சிலர் இதைத் துணிவின்மை என்பர். நமக்கு இது நடைமுறை அறிவாகவே படுகிறது. மதிப்பெண் குறைந்தால் கல்லூரி இடம் கிட்டாது என்றஞ்சும் தந்தையிடம் 'கைடை எறியுங்கள்' என்று சொல்லிப் பயனில்லை. அந்த உறுதியை யார் அவருக்குத் தருவது?

ஆனால் அவருடைய அச்சத்தைக் கிளறாமலே செய்யத்தக்கது ஒன்று நம் கையில் இருக்கிறது. அரபுக் கல்லூரிகளில் இரவு நேரத்தில் நடைபெறும் 'தக்ரார்': பகலில் கேட்ட பாடத்தை ஒரு மாணவர் தம் சொற்களில் தோழர்களுக்கு எடுத்துரைப்பார், தடுமாறும் இடத்தில் மற்றவர் மடக்குவர். இதற்குச் செலவில்லை, பாடத்திட்டத்தை மாற்ற வேண்டியதுமில்லை. ஒரே வளாகத்தில் மத்ரஸாவும் பள்ளியும் நடத்தும் நிர்வாகங்கள்கூட இப்பழக்கத்தைச் சுவருக்கு அப்பால் கொண்டுசெல்ல எண்ணியதில்லை. மீலாதுப் போட்டியிலும், உரை முடிந்தபின் நடுவர் இரண்டு வினாக்கள் கேட்கலாம் என்றொரு விதியைச் சேர்க்கலாம். அவ்வாறு செய்தால் பரிசு பெறுவோர் பட்டியல் மாறிவிடுமே என்று முதலில் முணுமுணுப்பவர்கள், உரை எழுதித் தந்த நாமாகவே இருப்போம்.