கரந்த பழியும் கேட்ட மெட்டும்

அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரு கூறாக்கிச் செய்யுளியலுள் உரைப்பர் தொல்காப்பியர். பழியை வெளிப்படக் கூறுவது முன்னது. மறைத்து மொழிவது பின்னது. செய்யுளுக்கு வகுத்த இப்பாகுபாடு, பாட்டும் நடிப்பும் விரவிய மேடைக்கும் பொருந்துமாயின், அங்கே பழி எவ்விடத்துக் கரந்து நிற்கும்? இவ்வினாவுக்கு விடை காண, ஆங்கில நாட்டு அரசியல் அங்கத நாடகங்களுள் பெரும்புகழ் பெற்ற 'பிச்சைக்காரனின் இசைநாடகம்' (பெக்கர்ஸ் ஆப்பெரா) என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

இதனை இயற்றியவர் ஜான் கே (1685-1732). 1728 சனவரி 29ஆம் நாள் இலண்டனில் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் அரங்கில் முதன்முதல் நடிக்கப்பெற்ற இந்நாடகம், அப்பருவத்திலேயே 62 முறை மேடையேறியது. இதில் வரும் பீச்சம் திருட்டுப் பொருளை வாங்கி விற்பவன். தனக்குப் பயன்படாத கள்வரைக் காட்டிக்கொடுத்துப் பரிசும் பெறுபவன். அவன் மகள் பாலி, வழிப்பறிக் கள்வனாகிய மக்ஹீத்தை மறைவில் மணக்கிறாள். சிறைக் காவலன் லாக்கிட்டும் பீச்சமும் வருவாயைப் பங்கிட்டுக்கொள்வர். பூசலிட்டுப் பின்னர்க் கூடுவர்.

அந்நாளில் அரசின் தலைமை அமைச்சராக விளங்கியவர் ராபர்ட் வால்போல். அவர் பெயர் நாடகத்துள் யாண்டும் இல்லை. எனினும், பீச்சம் படிக்கும் கள்வர் பட்டியலில் ராபின் என்பானுக்கு அடுக்கப்பட்ட பட்டப்பெயர்கள் அவரையே குறிப்பன என அவையோர் கொண்டனர். பீச்சம், லாக்கிட் கூட்டில் வால்போலுக்கும் அவர் தங்கை கணவர் டவுன்செண்டுக்கும் இருந்த அரசியல் உறவின் சாயலைக் கண்டோரும் உளர். இவையெல்லாம் சொல்லளவில் அமைந்த கரப்பு.

இதனினும் நுண்ணிய கரப்பு இசையில் உளது. இந்நாடகத்தின் பாடல்கள் 69. அவற்றின் மெட்டுகள் பெரும்பாலும் புதியன அல்ல. தெருவிலும் வீட்டிலும் மக்கள் முன்பே பாடிப் பழகியவை. ஹாண்டெல் இயற்றிய 'ரினால்டோ' (1711) என்னும் இத்தாலிய மொழி இசைநாடகத்தில் சிலுவைப் போர்ப் படை நடைபோடுதற்கு அமைந்த மெட்டும் அவற்றுள் ஒன்று. கே அதனைக் கள்வர் வழிப்பறிக்குப் புறப்படும் பாட்டுக்கு ஆக்கினார். செவி வீரரை நினைக்கிறது. கண் கள்வரைக் காண்கிறது. உயர்ந்தோர் செயலும் கள்வர் செயலும் ஒன்றே என்னும் பழியைப் பாட்டின் சொல் கூறவில்லை; மெட்டு மட்டும் தனித்துக் கூறவும் இயலாது. சொல்லுக்கும் மெட்டுக்கும் இடைப்பட்ட முரணிலேயே அது கரந்து நிற்கிறது. அம்முரணை உணர்ந்து பழியை முற்றுவிப்பவர் கேட்போரே.

லாக்கிட் பாடும் பாடல் ஒன்று இதற்குச் சான்றாகும். கையூட்டைப் பொதுவாகப் பழித்தாலும், அரசவையோர் ஒவ்வொருவரும் அது தம்மைச் சுட்டியதாகவே கொள்வர் என்பது அதன் கருத்து. அப்போது அவையோர் கண்களெல்லாம் வால்போல் மீது திரும்பின என்றும், அவர் அப்பாட்டை மீண்டும் பாடச் செய்து நாணத்தை மறைத்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது.

தாக்கப்பட்டவரே கைதட்டும் அங்கதத்தால் விளையும் பயன் யாது என வினவலாம். இந்நாடகம் மகிழ்வூட்டவே எழுதப்பட்டது, அறநோக்கம் உடையதன்று, ஆதலின் நன்மை பயத்தற்கில்லை என்பது சாமுவேல் ஜான்சன் கொள்கை. கள்வனாகிய தலைவன் இறுதியில் தூக்கினின்று தப்புவதை நோக்கின் இக்கொள்கை வலிமையுடையதே. ஆயினும் ஆட்சியாளர் செயல் வேறொன்றை உணர்த்துகிறது. இதன் தொடர்ச்சியாகக் கே எழுதிய 'பாலி' 1728 இறுதியில், மேடையேறுமுன்னரே தடுக்கப்பட்டது. ஆனால் அதே நாடகம் 1729இல் அச்சில் வெளிவந்து நன்கு விலைபோயிற்று. மேடை கண்டதோ 1777இல்தான். ஃபீல்டிங் முதலியோரின் அங்கத நாடகங்களை அடுத்து 1737இல் இயற்றப்பட்ட நாடக உரிமச் சட்டமும் மேடையைக் கட்டியதேயன்றி அச்சகத்தைக் கட்டவில்லை. அரசவை அதிகாரியின் அத்தணிக்கை 1968 வரை நீடித்தது. படிக்க விடப்பட்ட சொல், பாடி நடிக்க விடப்படவில்லை. தனித்திருந்து படிப்பவன் நகைப்பது வேறு. ஓர் அவை ஒருங்கே ஒருவரை நோக்கி நகைப்பது வேறு. ஜான்சன் மறுத்த ஆற்றலை ஆட்சியாளர் அறிந்திருந்தனர் என்பது இதனால் போதரும்.

இவ்வாய்வு நமக்கும் ஒரு கடமையை உணர்த்துகிறது. கேயின் நூல் 1728இல் அச்சானபோதே, ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் மெட்டின் பெயர் குறிக்கப்பட்டது. இசையும் செப்புத் தகட்டில் பொறித்துச் சேர்க்கப்பட்டது. நம் நாடகப் பாடற்புத்தகங்களிலும் வர்ணமெட்டுக் குறிப்புகள் உள. அவற்றைப் பாடகர்க்கு மட்டும் உரியன என்று கடந்துசென்று, பாடலை வெறும் செய்யுளாகவே எடைபோடுதல் எளிது. அங்ஙனம் செய்யின், கரந்த பொருளில் ஒரு பாதி நம் கையினின்று நழுவும். மெட்டுக் குறிப்பும் மூலத்தின் ஒரு பகுதியே; பாடவேறுபாட்டைப் போற்றுவது போல அதனையும் போற்றி ஆராய்தல் வேண்டும் என்பதே நம் துணிபு.