உளவியலும் ஆங்கில இலக்கியமும்: இணைப்பும் இடைவெளியும்

இலக்கியம் மனித உள்ளத்தின் வெளிப்பாடு என்பதும் உளவியல் அவ்வுள்ளத்தின் ஆய்வு என்பதும் பலரும் ஒப்புக்கொண்ட கருத்துக்கள். ஆகவே இவ்விரண்டையும் ஒருங்கே பயில்வது பயன்தரும் என்போரை நாம் மறுக்கவேண்டிய தேவையில்லை. பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இன்று இவ்விரு துறைகளையும் இணைத்தே பட்டம் பெறலாம். எனினும், எந்த அடிப்படையில் இவை இணைகின்றன, இணையும்போது எதனை வெளியே விட்டுவிடுகின்றன என்ற வினாக்களை எழுப்புவது விமர்சகனின் கடமையாகும்.

இவ்விணைப்பின் வரலாற்றிலே கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குச் சிறப்பான இடமுண்டு. 1917ஆம் ஆண்டில், முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அங்கு ஆங்கில இலக்கியம் புதிய பாடநெறியாக ஒழுங்குபடுத்தப்பட்டது. அப்பாடத்தைக் கற்பிக்க வந்தவர்களுள் முக்கியமானவரான ஐ. ஏ. றிச்சட்ஸ், தத்துவத்தையும் உளவியலையும் உள்ளடக்கிய துறையிலே பட்டம் பெற்றவர். 1924இல் வெளிவந்த அவரது இலக்கிய விமர்சனக் கோட்பாட்டு நூல், கவிதையின் பயனை வாசகனின் உள்ளத் தூண்டல்கள் பெறும் ஒழுங்கமைப்பிலே கண்டது. 1929இல் வெளிவந்த செயல்முறை விமர்சன நூலோ ஒரு பரிசோதனையின் அறிக்கை. பதின்மூன்று கவிதைகளை, எழுதியவர் பெயரை நீக்கி மாணவர்க்குக் கொடுத்தார். அவர்கள் எழுதித் தந்த கருத்துக்களைத் தொகுத்து ஆராய்ந்தார். ஜோன் டன், ஹொப்கின்ஸ் போன்றோரின் கவிதைகள் பலராற் புறக்கணிக்கப்பட்டன; தரங்குறைந்தவை சில பாராட்டப்பட்டன. மிகையுணர்ச்சி, வாய்பாடாகிப்போன உணர்ச்சி, கவிதைக்குப் புறம்பான சொந்த நினைவுகள், கொள்கைப் பற்று என வாசகரை வழிதவறச் செய்யும் தடைகளை அவர் வகைப்படுத்தினார்.

இம்முயற்சியின் சிறப்பை நாம் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. பெரும்புலவர் பெயரைக் கேட்டவுடன் தலைவணங்கும் வழக்கத்தை அது உடைத்தது. 'நயம், நயம்' என்று வியந்து நிற்பதே விமர்சனம் என்று எண்ணியோரைப் பாடலின் சொற்களுக்குத் திருப்பியது. ஆயினும் கவிதையிலிருந்து புலவனின் பெயரை நீக்கியபோது அதன் காலமும் நீங்கிற்று. பதினேழாம் நூற்றாண்டின் சமயப் போராட்டத்தில் உழன்ற டன்னும், இருபதாம் நூற்றாண்டுப் போர்க்களத்தைக் கண்ட சமகாலப் புலவனும் ஒரே வகைக் 'கடதாசி'யாயினர். கருத்துரைத்தோரிற் பெரும்பான்மையோர் ஆங்கிலத்தைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற மாணவர். எந்த வர்க்கத்துப் பிள்ளைகள் அன்று அவ்வகுப்பில் அமர முடிந்தது என்பது ஆய்வுக்குள் வரவில்லை. கல்வியின் குறைகளை றிச்சட்ஸ் சுட்டாமல் இல்லை. ஆனால் நோயையும் மருந்தையும் தனிமனித உள்ளத்துள்ளேயே அவர் பெரிதுந் தேடினார்.

பாத்திரங்களை நோயாளிகளாகக் கருதும் மற்றொரு போக்கும் உண்டு. ஹம்லெத்தின் தயக்கத்துக்குத் தாய்மீதுள்ள மறைந்த வேட்கையே காரணம் என்ற பிராய்டின் கருத்தை ஏர்னஸ்ட் ஜோன்ஸ் 1910இல் விரிவாக எழுதி, 1949இல் தனிநூலாகவும் ஆக்கினார். நாடகப் பாத்திரத்துக்கு நாடகத்துக்கு வெளியே குழந்தைப்பருவம் கிடையாது என்ற எளிய உண்மை இங்கே மறக்கப்படுகின்றது. பிராய்டே இவ்விடயத்தில் தம் சீடரிலும் எச்சரிக்கையாக இருந்தார். 1916இல் மக்பெத் சீமாட்டியைப்பற்றி எழுதியபோது, பிள்ளையில்லாத எலிசபெத் அரசிக்குப்பின் ஜேம்ஸ் மன்னன் முடிசூடிய வரலாற்றை நினைவுகூர்ந்தார். அவளது வீழ்ச்சிக்கு முடிவான விளக்கம் தம்மால் தர இயலவில்லை என்றும் ஒப்புக்கொண்டார்.

இவையெல்லாம் ஏட்டளவிலான வாதங்கள் என்று சிலர் எண்ணலாம். அவ்வாறன்று என்பதைக் காட்ட அதே 1917ஆம் ஆண்டின் வேறொரு நிகழ்ச்சி போதும். வீரத்துக்காக விருது பெற்ற படை அதிகாரியும் கவிஞருமான சிக்பிறிட் சசூன், போர் வேண்டுமென்றே நீட்டிக்கப்படுகின்றது என்று குற்றஞ்சாட்டி அறிக்கை வெளியிட்டார். அது பிரித்தானியப் பாராளுமன்றத்திலும் வாசிக்கப்பட்டது. இராணுவ நீதிமன்றத்தில் அவரை நிறுத்தியிருப்பின் அவர் கூற்று மேலும் பரவியிருக்கும். அதிகாரிகள் வேறுவழி கண்டனர். எடின்பரோவுக்கு அண்மையிலிருந்த கிறெய்க்லொக்காட் மருத்துவமனைக்கு மனநோயாளியாக அவரை அனுப்பினர். ஓர் அரசியற் கண்டனம் நோய்க்குறியாக மாற்றப்பட்டது!

அங்கு அவருக்கு மருத்துவராக வாய்த்தவர் டபிள்யூ. எச். ஆர். றிவேர்ஸ். கேம்பிறிட்ஜிலே பரிசோதனை உளவியலுக்கு அடித்தளமிட்டவர் அவர். இலக்கியமும் உளவியலும் ஓர் அறையில் நேருக்குநேர் அமர்ந்த காட்சி இது. றிவேர்ஸ் கொடியவரல்லர், மின்னதிர்ச்சியால் நோயாளரைத் துன்புறுத்திய மருத்துவர் இருந்த காலத்தில், பரிவோடு பேச்சுக்குச் செவிசாய்த்தவர். ஆயினும் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பணி, மனிதரைக் குணப்படுத்திப் போர்முனைக்கு மீண்டும் தகுதியாக்குவதே. இம்முரண்பாடு தம் கனவிலும் புகுந்ததை அவரே ஆராய்ந்தார். அவர் இறந்தபின் 1923இல் வெளிவந்த நூலில் அது இடம்பெற்றுள்ளது. சசூன் போருக்குத் திரும்பித் தலையிற் காயமடைந்தார். அதே மருத்துவமனையில் அவரைச் சந்தித்து, அவர் துணையோடு தம் கவிதைகளைச் செம்மைசெய்த வில்பிறட் ஓவனும் போர்முனைக்குத் திரும்பினார். 1918 நவம்பர் 4ஆந் திகதி, போர் ஓய்வதற்கு ஒரு வாரமே இருக்கையில், அவர் கொல்லப்பட்டார். நலமடைந்த உள்ளத்தை நலமற்ற உலகம் எவ்வாறு செலவிடுகின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இவ்வினாவை வேர்ஜினியா வுல்ப் தமது 'மிஸிஸ் டலோவே' நாவலில் (1925) எழுப்பினார். அந்நாவலை நனவோடை உத்திக்கு எடுத்துக்காட்டாக மட்டும் கூறிச் செல்வது நம் விமர்சகரிடையே வழக்கமாகிவிட்டது. ஆனால் போரிலிருந்து உள்ளஞ் சிதைந்து மீண்ட செப்டிமஸ் ஸ்மித்தையும், சமநிலை என்ற பெயரால் அவனை அடக்கவரும் புகழ்வாய்ந்த மருத்துவரையும் எதிரெதிரே நிறுத்தியதே அதன் உயிர்நாடி. அம்மருத்துவரின் பேச்சில் ஆளும் வர்க்கத்தின் குரல் கேட்கின்றது. உத்தியை மட்டும் காண்போர்க்கு அது கேளாது.

பல்கலைக்கழகத்தின் வாயிலையே மிதியாத கிறிஸ்தோபர் கோட்வெல் இவ்விடைவெளியைத் தெளிவாக உணர்ந்தார். உளவியலையும் ஆங்கிலக் கவிதையையும் மார்க்சிய ஒளியில் ஒருங்கே கற்று, கவிதையின் தோற்றத்தைக் கூட்டு உழைப்பிலும் கூட்டு உணர்ச்சியிலும் தேடினார். பிராய்டை அவர் ஒதுக்கிவிடவில்லை. சமுதாயத்தினின்று பிரிந்த தனியுள்ளம் என்ற கற்பனையையே மறுத்தார். 1937இல் ஸ்பானியப் போரில் அவர் மாண்டபின்னரே அவரது பெருநூல் வெளிவந்தது. அதில் அவசர முடிவுகளும் உள. ஆயினும் அவர் தொடுத்த வினா இன்னும் உயிரோடுள்ளது.

அண்மைக்கால நிகழ்வொன்றும் நோக்கத்தக்கது. தரமான புனைகதையின் சில பக்கங்களைப் படித்தவர்கள் பிறர் உள்ளத்தைக் கூடுதலாக உணர்கின்றனர் என்று அமெரிக்க ஆய்வொன்று 2013இல் அறிவித்தது. இலக்கிய அன்பர் மகிழ்ந்தனர். 2016இல் வேறு ஆய்வாளர் அதனை மீளச் செய்தபோது அம்முடிவு கிட்டவில்லை. சிலநிமிட வாசிப்பை அளவுகோலால் அளந்து இலக்கியத்தின் பயனை நிறுவ முயல்வது, பயிரை ஒருநாளில் வளரச் சொல்வதை ஒத்தது.

எனவே இவ்விரு துறைகளையும் இணைத்துப் பயிலும் மாணவரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. 'இவ்வுள்ளத்தில் என்ன நிகழ்ந்தது?' என்று கேட்பதோடு நின்றுவிடாது, 'எத்தகைய உலகம் இவ்வுள்ளத்தை இவ்வாறு ஆக்கிற்று?' என்றுங் கேட்டல் வேண்டும். வரலாறு என்ற மூன்றாவது துணையின்றி முதலிரண்டும் நிறைவுபெறா. பெயர் நீக்கிய கவிதைக்கு விளக்கமெழுதும் பயிற்சி நம் நாட்டு ஆங்கில இலக்கியப் பரீட்சைகளிலும் இடம்பெற்று வந்துள்ளதால், இது நமக்குத் தொலைவான செய்தியன்று. போரின் வடுக்களைச் சுமந்த மக்கள் வாழும் நாட்டிலே, துயரத்தை நோய் என்று மட்டும் பெயரிட்டு மூடிவிடும் கல்வி மக்களுக்குரிய கல்வியாகாது.