முரசும் முகநூலும்

போர் தொடங்குமுன் பகைப்புலத்து எளியார்க்கு எச்சரிக்கை விடுத்தல் பண்டைத் தமிழ் வேந்தர் போற்றிய அறம் என்பது புறநானூற்றின் 9ஆம் பாட்டால் அறியப்படும். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய அப்பாட்டில், ஆவினமும் அந்தணரும் பெண்டிரும் பிணியாளரும் புதல்வரைப் பெறாதவரும் அம்பு பாயுமுன் தத்தம் காவலிடம் சேருமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். ஆவினத்துக்கு அறிவிப்பது எங்ஙனம் என்று நகைப்பாரும் உளர். அவற்றை மேய்ப்பாரை நோக்கிய சொல் என்று பொருள் கொள்வதில் இடர்ப்பாடு ஒன்றும் இல்லை. போரறத்துக்குச் சான்றாக இப்பாட்டை எடுத்துக்காட்டாத தமிழாசிரியர் அரியர். ஆயின் ஓர் எச்சரிக்கை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதும் அதனுள் அடங்கிக் கிடக்கின்றது. யார் விலக வேண்டும், ஏன் விலக வேண்டும் என்பன கேட்போர் மொழியிலே, துன்பம் வருமுன்னரே சொல்லப்படுகின்றன.

முரசுக்கும் பறைக்கும் வானொலிக்கும் பின்வந்த கருவி சமூக ஊடகம். முகநூலும் வட்ஸ்அப்பும் இன்று அரசின் வாயாகவும் செவியாகவும் ஆகிவிட்டன. இவற்றைப் புகழ்வோர் விரைவைக் கூறுவர். இகழ்வோர் பொய்யைக் கூறுவர். இரண்டும் மெய்யே. ஆயினும் அவை கருவியின் இயல்பு பற்றிய பேச்சுகள். இடர் நேர்ந்த வேளையில் அரசு அக்கருவியின் வழியாக யாரிடம் பேசிற்று, எம்மொழியிற் பேசிற்று, எதனைப் பேசாது விட்டது என்பதே ஆராயற்பாலது. அதற்கு மாத்தளை மாவட்டம் பழையதும் புதியதுமான சான்றுகளைத் தருகின்றது.

பழையது 1848ஆம் ஆண்டினது. துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் விதிக்கப்பட்ட வரிகளும், ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்யவேண்டும் என்ற கட்டளையும் கண்டி நாட்டாரைக் கொதிப்படையச் செய்தன. இன்னும் பல வரிகள் வரவுள்ளன என்ற வதந்தி ஊர்தோறும் உலவிற்று. அவ்வேளையில் கொழும்பு ‘ஒப்சேவர்’ இதழின் ஆசிரியர் எலியட், ஆங்கிலேயன் ஒருவன் எழுதியதாகக் கடிதமொன்றை வெளியிட்டார். அது சிங்களத்திலும் பரவிற்று. யூலை இறுதியில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா முடிசூட்டப்பட்டதும், மாத்தளை தாக்கப்பட்டதும், படைச்சட்டம் பிரகடனமானதும் வரலாற்று நூல்களிற் காணப்படும். தேசாதிபதி டொரிங்டன் பிரபு பழியின் ஒரு பங்கைப் பத்திரிகை மீது சுமத்தினார். தாம் விதித்த வரிகளின் காரணத்தைக் குடிகளுக்கு அவர்தம் மொழியில் விளங்கச் சொன்னாரா என்ற வினா அவரை வருத்தியதாகத் தெரியவில்லை. நகைப்புக்கிடமான மற்றொரு செய்தியும் உண்டு. மாத்தளையில் நின்ற படைத்தலைவர் வாட்சன் பெயரால் சிங்களத்தில் வெளியான அறிவித்தல்கள் மெய்யாகவே அவர் கையொப்பமிட்டவைதாமா என்பது பின்னர் பிரித்தானிய நாடாளுமன்ற விசாரணையில் பெரியதொரு வழக்காயிற்று. உயிரையும் உடைமையையும் பற்றிய ஆணை தன் பெயரால் வெளிவந்ததா என்பதையே தலைவன் மறுத்துரைக்கும் நிலை அது. ஆளுவோர்க்கு விளங்காத மொழியில் ஆளப்படுவோர்க்கு ஆணை பிறப்பிக்கும் வழக்கம் இந்நாட்டில் நூற்றாண்டு பல கடந்தும் முற்றாக நீங்கவில்லை. இன்று வேறுபாடு, விளங்காதோர் ஆளப்படுவோராக இருத்தலே.

இனி அண்மைக்கால நிகழ்ச்சிகளை நோக்கலாம். 2018 பெப்ரவரி இறுதியில், முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் மலடாக்கும் மருந்து கலந்திருந்தது என்ற பொய் அம்பாறையில் எழுந்து முகநூலிற் பரவியது. அடுத்த மாதத் தொடக்கத்தில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அக்குறணை, கண்டியிலிருந்து மாத்தளைக்கு வரும் பெருந்தெருவிலேயே அமைந்துள்ள ஊர். மார்ச் 6ஆம் நாள் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. மறுநாள் முகநூல் முதலியன முடக்கப்பட்டு, 15ஆம் நாள் வரை அவ்வாறே இருந்தன. தீயை மூட்டுவோர் கைப்பந்தத்தைப் பறிப்பது தவறென்று எவரும் கூறார். முகநூல் நிறுவனம் சிங்கள மொழியறிந்த கண்காணிப்பாளரைப் போதிய அளவில் வைத்திருக்கவில்லை. அக்கலவரத்தில் தன் தளத்துக்கிருந்த பங்குக்காக அது 2020 மே மாதத்தில் வருத்தமும் தெரிவித்தது. எனவே 2018ஆம் ஆண்டுத் தடைக்கு ஒரு நியாயம் கற்பிக்கலாம். ஆனால் அத்தடையால் அரசு கற்றுக்கொண்ட பாடம் வேறு. வாயிலைச் சாத்துதல் எளிது என்பதையே அது கற்றது.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்றே சமூக ஊடகங்கள் மீண்டும் முடக்கப்பட்டன. ஏப்ரல் 30ஆம் நாளே திறக்கப்பட்டன. இங்குக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. தாக்குதல் நிகழக்கூடும் என்று பல நாட்களுக்கு முன்னரே பொலிசார் எழுதிய கடிதம் அலுவலகங்களுக்குள்ளேயே சுற்றிக் கிடந்தது. அத்தகைய கடிதம் ஒன்றிருந்ததை, குண்டுகள் வெடித்த பின்னர் ஓர் அமைச்சரே தம் டுவிட்டர் பக்கத்தில் வெளியிட, உலகம் அறிந்தது. எச்சரிக்கை கோப்பில் இருந்தது. சென்றடைய வேண்டிய தேவாலயத்தை அடையவில்லை.  2023 சனவரி 12ஆம் நாள் உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியமையால் முன்னாள் சனாதிபதியும் அதிகாரிகளும் குடிகளின் அடிப்படை உரிமையை மீறினர் என்று தீர்ப்பளித்து இழப்பீடு செலுத்தப் பணித்தது. அறிந்ததைச் சொல்லாமை குற்றமாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2022 ஏப்ரல் 3ஆம் நாள் நிகழ்ந்த முடக்கத்துக்கு இத்தகைய சாட்டும் இல்லை. எரிவாயுவும் மின்சாரமும் இன்றி வாடிய மக்கள் ஊரடங்கை மீறித் திரள்வர் என்ற அச்சம் ஒன்றே காரணம். பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின்பேரில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு விதித்த அத்தடை ஒரு பகல் முடியுமுன்னரே நீங்கிற்று. மக்கள் மாற்றுவழிகளால் ஊடகத்தைத் தொடர்ந்து பயன்படுத்தினர்; கூட்டமும் கூடிற்று.

இவ்வாறு வாயிலைச் சாத்தப் பழகிய அரசு இயந்திரம், அவ்வாயிலில் நின்று பேசவேண்டிய வேளை வந்தபோது என்ன செய்தது என்பதே இவ்வாராய்ச்சியின் நடு. 2025 நவம்பர் 28ஆம் நாள் ‘டித்வா’ புயல் இலங்கையின் கிழக்குக் கரையைக் கடந்தது. இறந்தோர் 600க்கும் மேற்பட்டோர். அவருட் பலர் மலையகத்து மண்சரிவுகளில் புதையுண்டவர். நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலிலுள்ள கம்மடுவையில் 24 மணி நேரத்தில் 500 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பதிவாயிற்று. மாத்தளை மாவட்டத்தின் மலைப்புறப் பிரிவுகள் பெருஞ்சேதம் அடைந்தன.

அரசு வாளாவிருந்தது என்று கூறுதல் முறையன்று. வளிமண்டலவியல் திணைக்களம் முன்னறிவித்தல்களை வெளியிட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்னும் மூன்று நிலைகளில் வெளியிட்டது. மஞ்சள் விழித்திருக்கவும், செம்மஞ்சள் ஆயத்தமாகவும், சிவப்பு இடம்விட்டுப் பெயரவும் சொல்வது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் தன் முகநூற் பக்கத்தையும் பயன்படுத்திற்று. ஆயினும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்த வேகத்தில் தமிழில் எச்சரிக்கைகள் வரவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மாத்தளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழரோ முஸ்லிமோ ஆவர். தமிழும் அரசகரும மொழியென 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் சட்டமாக்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. பதவிப் பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்துப்பிழையுடன் நிற்பதைக் கண்டு எள்ளி நகையாடுதல் தமிழ்ச் சங்கங்களுக்கு வழக்கமாகிவிட்டது. மலை சரியும் இரவில் மொழிபெயர்ப்பு அரைநாள் பிந்துவது நகையாடும் பொருளன்று.

தமிழில் வந்தவையும் யாவர்க்கும் விளங்கினவா என்பது அடுத்த வினா. எச்சரிக்கைகள் பிரதேச செயலாளர் பிரிவின் பெயரால் வருவன. தோட்டத்து மக்களுக்கோ ‘பிரிவு’ என்றால் தோட்டத்தின் ‘டிவிசன்’: மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று தாம் வேலைசெய்யும் மலையின் பகுதி. இரத்தோட்டைப் பிரிவும் சூழவுள்ள இடங்களும் என்று படிப்பவர், அது நகரத்தைக் குறிப்பதென்று கருதித் தம் லயத்தில் உறங்கச் செல்லுதல் வியப்பன்று. தோட்டங்கள் பலவற்றுக்கு ஏட்டில் உள்ள ஆங்கிலப் பெயர் ஒன்று, மக்கள் நாவில் வழங்கும் தமிழ்ப் பெயர் மற்றொன்று. ‘சாய்வுகளின் உறுதியின்மை’ என்பது அலுவலகத் தமிழ். சுவரிலும் நிலத்திலும் வெடிப்பு ஓடினால், மரம் சாய்ந்தால், ஊற்று திடீரெனக் கலங்கினால் அல்லது வற்றினால் இறங்கிப் போய்விடு என்பது உயிர்காக்கும் தமிழ். நிறுவனத்து நிபுணர்கள் இவ்வறிகுறிகளை நன்கறிவர். கையேடுகளில் எழுதியும் உள்ளனர். அவ்வறிவு அன்றிரவின் குறுஞ்செய்தியாக மாறும்போதே வறண்டுவிடுகின்றது. கலைச்சொல்லாக்கத்தில் தூய்மை பேணுவோர் இவ்விடத்துத் தம் பிடிவாதத்தைச் சற்றே தளர்த்தல் நலம். லயம், டிவிசன் என்பனவும் மாத்தளைத் தமிழே.

யப்பான் நாட்டில் இதற்கு வழி கண்டுள்ளனர். 1995ஆம் ஆண்டுக் கோபே நிலநடுக்கத்தில் அயல்மொழியினர் அறிவித்தல்களை விளங்காது அல்லலுற்றமை கண்டு, ஹிரோசாக்கிப் பல்கலைக்கழகத்து மொழியியலாளர் ‘எளிய யப்பானிய மொழி’ என்ற நடையை வகுத்தனர். கடினச் சொற்களை நீக்கி, வாக்கியத்தைக் குறுக்கி, செய்யவேண்டியதை முதலிற் கூறுவது அந்நடை. கேரளமோ வேறொன்றைக் காட்டிற்று. 2018 ஆகத்துப் பெருவெள்ளத்தில், தொண்டர்களான கணினி வல்லுநர் அமைத்த மீட்புத் தளத்தை மாநில அரசே தன்னதாக ஏற்று, மக்களின் அபயக் குரல்களை மீட்புப் படையினரிடம் சேர்ப்பித்தது. 2025இல் இலங்கை இளைஞரும் இணையத்தில் உதவிக் கோரிக்கைகளைத் திரட்டி, நிவாரணப் பொருள்களை வழிப்படுத்தினர். அவருட் பலர் 2022இல் இதே கருவிகளாற் கூட்டம் சேர்த்தவர் என்பது நினைக்கத்தக்கது.

சமூக ஊடகத்தின் எல்லையையும் மறைத்தலாகாது. புயலன்று மின்சாரம் அற்றது. தொலைபேசிக் கோபுரங்கள் பல செயலிழந்தன. மலையகத்தின் பல ஊர்கள் நாட்கணக்கில் பேச்சற்றுக் கிடந்தன. அந்நிலையில் எத்துணைச் செம்மையான முகநூற் செய்தியும் பயன்படாது. முற்காலத்துத் தோட்டங்களில் விடியுமுன் தப்படித்து மக்களை எழுப்பிப் பிரட்டுக்களத்திற் கூட்டுவர். அது துரைமாருக்கு வேலைவாங்கும் கருவியாகவே இருந்தது; ஆயினும் கடைசி லயத்துக் கடைசிக் கதவுவரை ஒலி சென்றது. கோயில் ஒலிபெருக்கியும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் இன்று அவ்விடத்தில் உள்ளன. கோபுரம் விழுமுன் முகநூலிற் கண்டவர் ஒருவர் அவ்வொலிபெருக்கிக்குச் செய்தியைக் கொண்டுசெல்வதற்கு, அச்செய்தி அவர் மொழியில், அவர் தோட்டத்தின் பெயரோடு, அந்தி சாயுமுன் வந்திருத்தல் வேண்டும்.

புயலுக்குப்பின் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டதும், சமூக ஊடகங்களில் அரசுத் தலைவர்களைப் பற்றிப் பொய்யுரைப்போர் மீது அச்சட்டம் பாயும் என்று பிரதி அமைச்சர் ஒருவர் கூறினார். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. பொய்யுரைப்போரைத் தண்டிக்க இவ்வாறு சட்டங்கள் இரண்டு ஆயத்தமாக இருக்க, மண்சரிவு எச்சரிக்கையைத் தமிழில் உரிய வேளையில் வெளியிடாத அலுவலகம் எதற்கு விடையிறுக்க வேண்டும் என்பதை அவற்றுள் எதுவும் கூறவில்லை. மாத்தளைத் தோட்டங்களில் லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பாடசாலைக் கட்டடங்களில் தங்கி, திரும்பிச் செல்லலாமா என்பதைத் தெரிவிக்கும் நிலப் பரிசோதனை அறிக்கைக்காகக் காத்திருந்தன.