தேர்ந்தெடுக்கும் கை யாருடையது?

மானிட மரபணு மாற்றத்தின் அறநெறியைக் கற்பிக்க முற்படும்போது நாம் மாணவர் கையில் கொடுக்கும் நூல்கள் இரண்டு. ஒன்று, மெதடிஸ்டு சபையாரான பால் ராம்சே 1970இல் வெளியிட்ட ‘ஃபேப்ரிகேட்டட் மேன்’. மற்றது, எபிஸ்கோப்பல் சபையின் குருவாயிருந்த ஜோசப் ஃபிளெச்சர் 1974இல் வெளியிட்ட ‘தி எதிக்ஸ் ஆஃப் ஜெனடிக் கன்ட்ரோல்’. இருவரும் எதிரெதிர் நிலையினர். எனினும் சேலம், நாமக்கல் சமவெளிச் சபைகளில் ஊழியம் செய்வோர் கண்கொண்டு வாசித்தால், இருவரும் ஒரே இடத்தில் தடுமாறுவதைக் காணலாம்.

ஃபிளெச்சரின் வாதம் எளிது. தற்செயலாய்ப் பிறப்பதைவிட, அறிந்து திட்டமிட்டுப் பிறப்பிப்பதே மனிதத் தன்மைக்கு ஏற்றது. பிறப்பு என்னும் சூதாட்டத்தை ஒழிக்க வேண்டும் என்கிறார். நுண்ணறிவு ஈவு 20க்குக் கீழ்ப்பட்டவர் ஆளே அல்லர் என்று 1972இல் எழுதியவரும் இவரே. தேர்ந்தெடுப்பவர் கட்டற்ற தனிமனிதர் என்பது அவர் கேள்வியின்றி எடுத்துக்கொள்ளும் அடிப்படை.

ஆனால் இந்தத் தேர்வு நம் நாட்டுப்புறத்துக்குப் புதியதன்று. பெண் சிசுவைக் கொல்லாதீர்கள், வேண்டாமெனில் தொட்டிலில் இட்டுச் செல்லுங்கள் என்று பெற்றோரை அரசே வேண்டிக்கொண்ட தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில்தான் தொடங்கியது. நாமக்கல் அன்று அம்மாவட்டத்தின் பகுதி. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 851 பேரே. அந்தத் தேர்வைச் செய்தவள் பெற்றவள் மட்டும்தானா? வரதட்சணையும், நிலமும், மாமியார் வாயும் அவளுக்கு முன்பே தேர்ந்து முடித்திருந்தன. 2019 ஏப்ரலில் இராசிபுரத்தில் குழந்தை விற்பனை வெளிப்பட்டபோது கேட்ட ஒலிப்பதிவு இன்னும் வெளிப்படையானது. பெண்ணுக்கு ஒரு விலை, கறுத்த ஆணுக்கு அதற்கு மேல், சிவந்து கொழுத்த குழந்தைக்கு 4 லட்சத்துக்கும் மேல். மரபணுவைத் திருத்தும் கருவி இப்பகுதிக்கு வந்து சேருமுன்னரே விலைப்பட்டியல் எழுதப்பட்டாயிற்று.

(நாமக்கல்லுக்கு முட்டைக்கோழி வழங்கும் குஞ்சு பொரிப்பகங்களில் சேவற்குஞ்சுகளைப் பிறந்த நாளிலேயே பிரித்துக் கழிப்பது வழக்கம், முட்டையிடாது என்பதே அவற்றின் குறை. பயனைக் கொண்டு உயிரை அளக்கும் பழக்கம் பண்ணைக் கொட்டகையோடு நிற்பதில்லை.)

ராம்சே நமக்கு நெருக்கமானவர். பிள்ளையைப் பெறுதல் வேறு, உற்பத்தி செய்தல் வேறு. தம்பதியரின் அன்பிலிருந்து பிறப்பைப் பிரிக்கலாகாது என்னும் அவர் எச்சரிக்கை இன்றும் பழுதடையவில்லை. நோய் தீர்க்கும் சிகிச்சையை அவர் மறுக்கவும் இல்லை. ஆயினும் மண உறவையே குழந்தைக்குப் பாதுகாப்பாக அவர் நம்புவதை நாம் ஏற்பதற்கில்லை. சேலத்தில் மாண்ட சிசுக்கள் ஆய்வகத்தில் உருவானவர்கள் அல்லர். மணவாழ்வில், இயற்கை முறையில் பிறந்தவர்களே. அந்த மணங்களில் பல வரதட்சணைப் பேரத்தில் முடிவானவை. சபைகளிலும் அத்தகைய மணங்களுக்கு ஓலை வாசிக்கப்படுகிறது.

திருமறையில் இக்கேள்விக்கு நெருங்கி நிற்பது, பிரசங்கிகள் எடுத்தாளும் பாபேல் கோபுரமன்று; யாத்திராகமம் முதல் அதிகாரம் என்பது நம் கருத்து. சிப்பிராளும் பூவாளும் பிரசவ அறையில் நின்று, எது வாழலாம் என்று தீர்க்கும் அதிகாரத்துக்கு உடன்பட மறுத்தார்கள். அங்கே குற்றமாகக் காட்டப்படுவது மனிதனின் திறமையன்று. பிறக்கும் பிள்ளைமேல் நியாயாதிபதியாக ஒருவன் அமர்வதே.

இவ்வேறுபாட்டை மறந்து, மரபணு என்ற சொல் கேட்டவுடன் கண்டனம் செய்யும் போதகரால் தீங்கு விளையும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கடும் ஹீமோஃபீலியா உள்ள ஐந்து பேருக்கு, அவர்களுடைய சொந்தக் குருத்தணுக்களிலேயே உறைதற்காரணி எட்டின் மரபணுவைச் சேர்த்துச் சிகிச்சை அளித்தனர். இரத்தக்கசிவு நின்றதென 2024 டிசம்பரில் முடிவு வெளியாயிற்று. இம்மாற்றம் நோயாளியின் உடலோடு நிற்பது. சந்ததிக்குச் செல்லும்படி செய்யப்பட்டதன்று. 2018இல் சீனத்தில் ஹ ஜியான்குய் செய்ததோ வேறு. நோயில்லாத கருக்களின் மரபணுவை மாற்றி இரட்டைப் பெண்குழந்தைகளைப் பிறப்பித்தார்; அடுத்த ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். இந்தியாவிலும் 2017ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டு நெறிகள் அவ்வழியை அடைத்துள்ளன. நம் பிரசங்கங்களில் இவ்விரண்டும் ஒன்றாகிவிடக் கூடாது.

ஹீமோஃபீலியா பெரும்பாலும் தாய்வழி வந்து மகனைத் தாக்குவது. எனவே பழியெல்லாம் மருமகள்மேல் விழுகிறது. யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக்குருடனைக் கண்ட சீடர்கள் கேட்ட கேள்வியும் அதுவே. ஆண்டவர் பழி சுமத்த மறுத்து, அவனுடைய கண்களைத் திறந்தார்.

அப்படியானால், அந்தத் தாயின் அடுத்த தலைமுறைக்கே நோய் செல்லாதபடி கருவிலேயே திருத்துவதும் சுகமாக்குதல் ஆகாதா என்று மாணவர் கேட்பர். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயின் எது நோய், எது குறை என்று கோடு கிழிக்கப்போவது யார்? இராசிபுரத்தில் நிறத்துக்கு விலை வைத்த அதே சமுதாயம்தான். அந்தக் கையிலிருந்து கோலை வாங்குவது எப்படி என்பதற்கு ராம்சேயிடம் விடை இல்லை. ஃபிளெச்சருக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை.