யுத்தத்துக்குக் காரணம் யார்?

வடலூரில் பஸ் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கடலூர் வந்துவிடும். அங்கிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரை சிறிது தூரந்தான். அங்கே ஒரு காலத்தில் ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டை நின்றது. இன்று கோட்டை என்று சொல்லத்தக்கதாக அதிகம் எஞ்சவில்லை. 1758ஆம் வருஷம் ஜூன் 2ஆம் தேதி அது பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் சரணடைந்தது. பிறகு அவன் அதைத் தகர்த்துவிட்டான்.

ஏன் என்று கேட்டால், நம் சரித்திர நாவல்களில் பதில் தயாராக இருக்கும். ஒரு துரோகி இருப்பான். இல்லாவிட்டால் ஓர் அழகி இருப்பாள். பிறரைக் குறை சொல்வானேன்? நானே ஒரு தொடர்கதையில், ஒரு மோதிரம் காணாமற் போனதற்காக இரண்டு சேனைகளை மோதவிட்டிருக்கிறேன். வாசகர்கள் ரசித்தார்கள். எனக்கும் அதில் பெருமைதான். ஆனந்தரங்கப் பிள்ளையின் தினப்படி சேதிக் குறிப்பைப் படித்த பிறகுதான் வெட்கம் வந்தது.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷாக இருந்த பிள்ளை, 1736இல் தொடங்கி ஏறத்தாழ இருபத்தைந்து வருஷம் எழுதினார். கப்பல் வந்தது, பீரங்கி மரியாதை நடந்தது, சரக்கு என்ன விலைக்குப் போனது, ஊரில் என்ன வதந்தி என்று எல்லாம் இருக்கிறது. யுத்தம் ஒரு பட்டணத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் தமிழ் நூல் வேறொன்றை நான் படித்ததில்லை. அலங்காரம் இல்லாததே அதன் பலம்.

ஆனால் காரணம் சொல்லும் இடத்தில் பிள்ளையும் நம்மவர்தான். கிரகம் என்பார், விதி என்பார். துய்ப்ளேயின் மனைவியைப் பல இடங்களில் கடிந்துகொள்வார். கண்ணுக்குத் தெரிந்த மனிதர்களிடமே அவர் காரணத்தைத் தேடினார். உண்மையான காரணமோ கடலுக்கு அப்பால் இருந்தது.

துய்ப்ளே 1754இல் திருப்பி அழைக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த கோதே, அவ்வருஷக் கடைசியில் சென்னைக் கவர்னர் சாண்டர்ஸுடன் உடன்பாடு செய்துகொண்டார். சுதேச மன்னர்களின் சண்டைகளில் இனித் தலையிடுவதில்லை என்பது பேச்சு. அதாவது, இங்கே சமாதானம் பேசியாயிற்று! ஆனால் அதே வருஷம் அமெரிக்காவில் ஒஹையோ நதிக்கரையில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கைகலந்தார்கள். 1740இல் பிரஷ்ய மன்னன் பிரெடரிக் பறித்துக்கொண்ட சைலீசியாவை மீட்க, ஆஸ்திரியாவின் மரியா தெரசா காத்திருந்தாள். 1756 ஜனவரியில் இங்கிலாந்து பிரஷ்யாவோடு ஒப்பந்தம் செய்தது. மே மாதம் பிரான்ஸ் தன் பரம வைரியான ஆஸ்திரியாவோடு கைகோத்தது. அந்த மாதமே இங்கிலாந்து பிரான்ஸின்மேல் யுத்தம் அறிவித்தது. ஒவ்வொருவரும் தற்காப்புக்கென்றே கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கையெழுத்துக்களே ஒருவர் சண்டையில் மற்றவரை இழுத்துவிட்டன. நம் கரையில் பேசிய சமாதானம் காற்றில் போயிற்று. 1758 ஏப்ரல் கடைசியில் புதுச்சேரியில் இறங்கிய லாலி, ஐந்து வாரத்தில் கோட்டையைப் பிடித்தான். கடலூர் நெசவாளிக்குச் சைலீசியா எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்குமா?

அப்படியானால் நம்மவர்மேல் குற்றமே இல்லையா? இருக்கிறது. 1748இல் நிஜாம் இறந்ததும் வாரிசுச் சண்டை மூண்டது. ஆற்காட்டு நவாப் பதவிக்கும் போட்டி வந்தது. சந்தா சாகிப் பிரெஞ்சுக்காரரை நாடினார். முகம்மது அலி ஆங்கிலேயரை நாடினார். நெருப்பு வெளியிலிருந்து வந்தது உண்மை. காய்ந்த விறகை வீட்டு வாசலில் அடுக்கி வைத்திருந்தது நாம்.

சரித்திர நாவலாசிரியன் இந்த இரண்டையும் காட்ட வேண்டும். துரோகி ஒருவனைத் தூக்கிலிட்டுக் கதையை முடித்தால் வாசகர் நிம்மதியாகத் தூங்குவார். கெட்டவன் ஒழிந்தான், இனி யுத்தம் வராது என்று நம்பிவிடுவார். அந்த நம்பிக்கை பொய். 1914இலும் ஒப்பந்தங்கள் இப்படித்தான் ஒன்றையொன்று இழுத்தன. அந்தச் செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தருகே 'எம்டன்' குண்டு வீசியது.

பிரெஞ்சு அரசாங்கமும் என்னைப் போலவே கதையை முடித்தது. தோல்விக்கெல்லாம் லாலியே காரணம் என்று 1766இல் அவன் தலையை வாங்கியது. மோதிரக் கதை எழுதியவன் நான் ஒருவன் மட்டும் அல்ல என்பதில் எனக்கு ஓர் ஆறுதல். ஆனால் என் கதையில் வெட்டுண்ட தலை காகிதத்தில்தான் விழுந்தது.